சாய்ந்த கொல்லையில் நாலு பாத்தி!

குன்னூரில் சமதரை கிடைப்பது அபூர்வம். வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும். கொல்லையோ மேல் தெருவை எட்டிப் பார்க்கும்!

எங்கள் கொல்லையும் அப்படித்தான். அகலம் 10 அடி. நீளம் 40 அடி. மேல் வேலியில் இருந்து சமையல் அறை வரை 4 அடி சரிவு.

மழை வந்தால் மண்ணும் தண்ணீரும் சமையல் அறைச் சுவரில் வந்து மோதும். சுவர் ஊறும். அரிசிப் பானை வரை ஈரம்!

மலை மண்ணை விளையாட்டாக நினைக்கக் கூடாது. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்தது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

வயிறு தள்ளிய சுவர்

முதலில் ஒரு கொத்தனார் குறுக்கே சிமெண்டுச் சுவர் கட்டினார். அடியில் ஓட்டை விடவில்லை. ஐப்பசி மழையில் பின்னால் தண்ணீர் தேங்கியது. ஈர மண்ணின் பாரம் தாங்காமல் சுவர் வயிறு தள்ளிவிட்டது. பணம் போயிற்று.

பிறகுதான் யோசித்தோம். சமையல் அறையை ஒட்டி 4 அடியைக் காலியாக விட்டு, அதில் சாக்கடை வெட்டினோம். மீதி 36 அடியை நாலு படியாகப் பிரித்தோம். ஒவ்வொரு படியும் 9 அடி நீளம், 1 அடி உயரம்.

படிச் சுவருக்குச் சிமெண்டு இல்லை. கல்லை அடுக்கினோம். சுவர் மேட்டுப் பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். பின்னால் ஜல்லி. இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்துவிடும். (ஆள் உயரச் சுவர் என்றால் என்ஜினீயரைக் கேளுங்கள்.)

மேல் மண் பத்திரம்

வெட்டும் முன், கறுப்பான மேல் மண்ணைத் தனியே குவித்து வையுங்கள். அடி மண்ணில் செடி சரியாக வராது. படி முடிந்ததும் அதையே மேலே பரப்ப வேண்டும்.

நடைவழியை நேராக விடாதீர்கள். மழையில் அது ஓடை ஆகிவிடும்! ஒரு படியில் இடது பக்கம், அடுத்த படியில் வலது பக்கம் விட்டோம். தண்ணீர் வேகம் குறைந்தது. சந்து போல் இருந்த கொல்லை அகலமாகவும் தெரிகிறது.

கீழ்ப் பாத்தியில் கொத்தமல்லி, கீரை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அம்மா ஓடிப் போய்ப் பறிக்கலாம் அல்லவா? நடுவில் பீன்ஸ், காரட். மேல் வேலியில் சௌசௌ.

சென்ற ஐப்பசியில் சுவர் நனையவில்லை. சௌசௌக் கொடிதான் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. பாதிக் காய் அவர்களுக்கு!