பின்புறத்தில் பென்சிலால் ஓர் எண்

தருமபுரி வட்டாரத்துப் பழைய வீடுகளில் 1970களின் கல்யாண ஆல்பம் ஏதாவது கிடைத்தால், அதிலுள்ள கலர் படங்கள் பலவும் செம்மண் பூசியதுபோல் இருக்கும். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி ரோஸ் நிறமாகியிருக்கும். பந்தலில் கட்டிய வாழை பழுப்பேறியிருக்கும். இது ஸ்டூடியோக்காரர் செய்த தப்பு அல்ல. கலர் பிரிண்டில் படத்தை உண்டாக்குபவை நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள் என்ற மூன்று சாயங்கள். அந்தக் காலத்துக் கலர் பேப்பரில் நீலப்பச்சைச் சாயம், ஆல்பத்தை மூடி இருட்டில் வைத்திருந்தாலும் வெளுத்துவிடும். அது போனபின் படத்தில் சிவப்புதான் தூக்கலாக நிற்கும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் போகும்.

கலர் புகைப்படத்தை ஓவியத்துக்கு நிகராக விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கிறவர்கள், 'எந்த முறையில் அச்சானது?' என்று கேட்பது இதனால்தான். அவர்களுடைய அடுத்த கேள்வி, 'மொத்தம் எத்தனை பிரதி?'

நெகட்டிவோ டிஜிட்டல் கோப்போ கையில் இருந்தால் ஆயிரம் பிரிண்ட் போடலாம். அதனால் புகைப்படக் கலைஞர் தானே ஒரு வரம்பு வைத்துக்கொள்கிறார். பத்துதான் என்று முடிவு செய்தால், ஒவ்வொரு பிரிண்டின் பின்புறத்திலோ அடி ஓரத்திலோ கையெழுத்திட்டு 3/10 என்பதுபோல் எழுதுவார். தனக்கென்று ஓரிரு பிரதிகளை ஒதுக்கி 'ஏ.பி.' (ஆர்ட்டிஸ்ட்ஸ் புரூஃப்) என்று குறிப்பதும் வழக்கம். பத்தும் விற்றுத் தீரத் தீர விலையை ஏற்றுகிற கேலரிகள் உண்டு. ஜெர்மானியக் கலைஞர் ஆந்திரியாஸ் குர்ஸ்கி 1999இல் உருவாக்கிய 'ரைன் 2' என்ற கலர் படத்துக்கு ஆறே பிரதிகள். அவற்றில் ஒன்று 2011 நவம்பரில் நியூயார்க்கின் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போனது.

ஆனால் அந்த எண் எதற்குக் கட்டுப்பட்டது? இதை நீதிமன்றம்வரை கொண்டுபோனது புகைப்படக் கலைஞர் வில்லியம் எக்கிள்ஸ்டன் மீதான வழக்கு.

எக்கிள்ஸ்டன் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துக்காரர். கறுப்பு வெள்ளைதான் கலை என்று பலர் நம்பிய காலத்தில், 1976இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய கலர் படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. அவர் விரும்பிய அச்சு முறை 'டை டிரான்ஸ்ஃபர்'. மூன்று சாயங்களையும் தனித்தனியாக, இம்மி பிசகாமல் ஒரே தாளில் ஏற்ற வேண்டும். கைவேலையும் செலவும் கூடுதல், நிறமோ அபாரம். அதற்கான பொருட்களைத் தயாரிப்பதைக் கோடாக் 1990களில் நிறுத்திவிட்டது. 2012 மார்ச்சில் எக்கிள்ஸ்டன் தரப்பு, அவருடைய படங்களை மிகப் பெரிய அளவில் டிஜிட்டல் பிரிண்ட்களாக்கி ஏலத்துக்குக் கொண்டுவந்தது. 36 படங்கள் சுமார் 59 லட்சம் டாலருக்கு விற்றன. அவற்றில் சில, முன்பே 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்று விற்கப்பட்டவை. பழைய பிரிண்ட்களை வாங்கி வைத்திருந்த ஒரு சேகரிப்பாளர், தன்னிடம் உள்ளவற்றின் மதிப்பு குறையும் என்று வழக்குப் போட்டார். அளவும் முறையும் வேறு என்பதால் இது புதிய பதிப்பே என்று சொல்லி, 2013இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். வாங்கியவரின் ஆதங்கமும் நியாயமானதே. ஆகவே காசு கொடுக்குமுன் 'இதே படம் வேறு அளவில் வந்திருக்கிறதா, இனி வருமா?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். சான்றிதழில் தலைப்பு, எடுத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, தாள், அச்சு முறை, அளவு, பிரதி எண் எல்லாம் இருக்க வேண்டும். எடுத்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் வேறாக இருக்கலாம். எடுத்த காலத்தை ஒட்டியே அச்சான 'விண்டேஜ்' பிரதிக்குப் பெரும்பாலும் மதிப்பு அதிகம்.

இந்தியாவில் கலர் என்றதும் நினைவுக்கு வர வேண்டிய பெயர் ரகுபீர் சிங். 1942இல் ஜெய்ப்பூரில் பிறந்து 1999இல் மறைந்தவர். இந்தியாவைக் கலரில்தான் பார்க்க முடியும் என்பதில் உறுதியாக இருந்தவர், தமிழ்நாட்டுக்கென்றே ஒரு படத்தொகுப்பு நூலும் வெளியிட்டார். கலைஞர் மறைந்தபின் அச்சாகும் பிரதிகளில் அவர் கையெழுத்து இருக்க வழியில்லை. அச்சை யார் மேற்பார்வையிட்டார்கள், யார் சான்று தருகிறார்கள் என்பது அப்போது பெரிய விஷயமாகிவிடும்.

அச்சை நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்காமல் வாங்கத் தொடங்கக் கூடாது. தருமபுரிக்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம். நெடுஞ்சாலையில் ஏறினால் கஸ்தூர்பா சாலையில் 2023இல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகத்துக்குப் போய்வரலாம். சென்னையில் 2016இல் தொடங்கிய போட்டோ பினாலே என்ற புகைப்படத் திருவிழாவும் நல்ல வாய்ப்பு.

வாங்கியபின் வேலை வீட்டில் இருக்கிறது. பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சான இன்றைய பிரிண்ட்கள் பழைய கலர் பேப்பரைவிட நெடுநாள் தாங்கும். ஆனாலும் மாலை வெயில் நேரே விழும் சுவரில் மாட்டக் கூடாது. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமற்ற அட்டையால் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கப் போனால் உரிந்துவிடும். சான்றிதழைப் படத்தின் முதுகில் ஒட்டாமல் தனிக் கவரில் வைப்பது நல்லது. பசையில் உள்ள அமிலம் நாளடைவில் தாளுக்குள் இறங்கிக் கறையாகும்.