பால்மரம் நின்ற மேடு

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ டவுன் கார்டன் வெஸ்ட் மேட்டில் படியேறும்போது, நல்ல வெயில் நாளாக இருந்தால் தலைக்கு மேலே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கலாம். ரப்பர் காய் வெடிக்கிறது. உள்ளிருக்கும் விதைகள் ஆளுக்கொரு திக்கில் பறக்கும். அந்த விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலறவிட்ட தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்று தாத்தா வயது.

ஒருமுறை நட்டால் பல்லாண்டு நின்று பலன் தருவதை நிரந்தரப் பயிர் என்று புள்ளிவிவரக்காரர்கள் கணக்கெழுதுவார்கள். ரப்பர், காப்பி, ஆலிவ், திராட்சை எல்லாம் அதில் சேர்த்தி. 1935 வாக்கில் சிங்கப்பூர் நிலத்தில் சுமார் 40 விழுக்காடு ரப்பர் மட்டுமே. இன்று எல்லா விவசாயமும் சேர்ந்தே ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான்.

ரப்பருக்கு முன்னால் இத்தீவின் உட்பகுதியில் கேம்பியர் இருந்தது. இலையைக் காய்ச்சித் துவர்ப்புச் சாறு எடுப்பார்கள். தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் ஆகும். அடுப்புக்குக் காடு போனது, பதினைந்து இருபது ஆண்டுகளில் மண்ணும் சோர்ந்தது. பயிருக்குப் பெயர் நிரந்தரம், பயிரிட்டவரோ அடுத்த காட்டைத் தேடி நடந்தார்.

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் தாவரவியல் தோட்டப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, கண்ட தோட்டக்காரரிடமெல்லாம் ரப்பரைப் பற்றியே பேசியதால் 'பைத்தியக்கார ரிட்லி' ஆனார். அவர் வகுத்த வித்தை எளியது: மரத்தைக் கொத்திச் சிதைக்காமல், பழைய வெட்டின் விளிம்பிலேயே பட்டையை மெல்லியதாகச் சீவுவது. பால் குழாய்கள் உள்பட்டையில் ஓடுகின்றன. உளி உள்பட்டைக்கும் உள்ளே இருக்கும் உயிர்ப்படலத்தைத் தொடாவிட்டால் பட்டை மறுபடி வளரும். விடியலில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக வடியும். பால்வெட்டுக்காரர்கள் இருட்டிலேயே பால் பிடிக்கும் மங்குகளைத் தேடிக் கிளம்பியது இதனால்தான்.

முதல் பாலுக்கு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை இடையில் அன்னாசி நட்டுச் சமாளித்தார்கள். அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் பால் உண்டு. இந்தப் பொறுமைக்குத்தான் நகரம் இடம் கொடுக்கவில்லை. 1973இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஆங் மோ கியோவில் புதுநகரம் கட்டத் தொடங்கியது.

செல்வம் வந்தால் பயிர் மரம் போய்விடும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஸ்பெயினும் பணக்கார நாடுதான். அங்கே சுமார் பத்தில் ஒரு பங்கு நிலம் இன்றும் ஆலிவ், திராட்சை, பாதாம் என்று நிற்கிறது. வறண்ட குன்றில் ஆலிவோடு போட்டிபோட அடுக்குமாடி வரவில்லை. ஆங் மோ கியோவில் வந்தது.

ஊர்ப் பெயரிலும் ஒரு வேடிக்கை. ஹொக்கியன் மொழியில் அது 'வெள்ளைக்காரன் பாலம்' என்பார் சிலர். 'வெள்ளைக்காரன் கத்தரிக்காய்', அதாவது தக்காளி, என்பார் வேறு சிலர். தக்காளி என்றால், நிரந்தரப் பயிர்கள் மாறிமாறி நின்ற ஊருக்கு ஒரு பருவப் பயிரின் பெயர்.

மேட்டு மரங்களில் இப்போது யாரும் பால் வெட்டுவதில்லை. எனவே அவை எந்தப் பயிர்க் கணக்கிலும் இல்லை. வெடித்துச் சிதறும் விதைகளுக்கு அது தெரியாது.