கொசுப் போர்வை போர்த்தியும் கலையாத தியானம்! விவேகானந்தர் பற்றி இதெல்லாம் தெரியுமா?

விவேகானந்தர் என்றதும் காவித் தலைப்பாகையும் சிகாகோ மேடையும்தானே கண்முன் வருகின்றன? அந்தச் சிங்கக் குரல் எந்த மௌனத்திலிருந்து பிறந்தது தெரியுமா?

● பாம்பு வந்தது தெரியாது! சிறுவயதில் விவேகானந்தரின் பெயர் நரேந்திரன், சுருக்கமாக நரேன். கண்மூடி உட்காருவதே அவருக்கு விளையாட்டு. ஒருநாள் நல்லபாம்பு ஊர்ந்துவர, கூட உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அலறியடித்து ஓடினார்கள். நரேன் அசையவே இல்லை! அவர்கள் கத்தியதுகூடக் காதில் விழவில்லையாம்!

● புருவ நடுவில் ஒளி! தினமும் கண்ணயரும் நேரத்தில் அவருக்குப் புருவ மத்தியில் ஒளிப்புள்ளி தோன்றுமாம். எல்லோருக்கும் இப்படித்தான் தூக்கம் வரும் என்றே நினைத்திருந்தார்!

● கொசுப் போர்வை! கல்கத்தாவின் காசிப்பூர் தோட்ட வீடு. நாடக ஆசிரியர் கிரீஷ் சந்திர கோஷும் நரேனும் மரத்தடியில் தியானத்தில் அமர்ந்தார்கள். கொசுக்கடி தாங்காமல் கண்விழித்த கிரீஷ் திகைத்துப் போனார்! நரேனின் உடம்பைக் கறுப்புக் கம்பளிபோல் கொசுக்கள் மூடியிருந்தன. அவருக்கோ உடல் நினைவே இல்லை!

● பெட்டகச் சாவி குருவிடம்! தன்னை மறந்த தியான நிலையான சமாதியிலேயே மூழ்கிக் கிடக்க ஆசைப்பட்ட சீடரைக் குரு ராமகிருஷ்ணர் கடிந்துகொண்டார். நீ ஆயிரம் பேருக்கு நிழல் தரும் ஆலமரமாக வேண்டாமா என்று கேட்டார். 1886இல் நரேனுக்கு அதன் உச்சமான நிர்விகல்ப சமாதியும் கிட்டியது! உடனே குரு அதைப் பெட்டகத்தில் வைத்ததுபோல் பூட்டிவிட்டார். உலகப்பணி முடிந்தால்தான் திறப்பாராம்!

● குமரிமுனைப் பாறை! 1892 டிசம்பர். கடல் சூழ்ந்த பாறையில் மூன்று நாள் தியானம். அங்கே அவர் மனத்தை நிறைத்தது சொந்த முக்தியா? இல்லை, பசித்துக் கிடந்த பாரதம்! 1970இல் அங்கே எழுந்த நினைவாலயத்தில் இன்றும் தியான மண்டபம் இருக்கிறது.

● மை காயாத பேனா! 1896இல் வெளியான ‘ராஜ யோகம்’ நூலுக்காக நியூயார்க்கில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் சீடர் சாரா எலன் வால்டோ. விளக்கம் தேடி சுவாமி சட்டென்று தியானத்தில் ஆழ்ந்துவிடுவார். எப்போது பேச்சு வருமோ என்று வால்டோ மை தொட்ட பேனாவோடு காத்திருப்பார்!

● அவர் சொன்ன வழி! முதுகு, கழுத்து, தலை நேராக இருக்கட்டும். எல்லா உயிரும் நலமாக இருக்க முதலில் வாழ்த்துங்கள். மனம் குரங்காய்த் தாவுகிறதா? அதட்டாதீர்கள், வேடிக்கை பாருங்கள், தானே அடங்கும்! சுவாதி நட்சத்திர மழையில் ஒரே துளியை வாங்கிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போய் முத்தாக்கும் சிப்பியைப்போல, ஒரே கருத்தைப் பற்றிக்கொள்ளுங்கள்!

● கடைசி நாள்! 1902 ஜூலை 4. பேலூர் மடத்தில் காலை மூன்று மணி நேரம் தியானம். பிற்பகலில் பிரம்மசாரிகளுக்கு சமஸ்கிருத இலக்கணப் பாடம். மாலையில் மறுபடி தியானம். அன்றிரவே, 39 வயதில், மகாசமாதி! அந்த நாளிலும் மற்றவர்களுக்கென்று ஒரு பிற்பகலை ஒதுக்கியிருந்தது, பாருங்கள், அந்த ஆலமரம்!