இலையில் முதற் கவளம் எது?

சர்க்கரை வியாதி கண்டிருக்கிறது, இனிமேல் சோற்றை விட்டுவிடுங்கள் என்று திருநெல்வேலிச் சீமையில் ஒருவரிடம் வைத்தியர் சொன்னால், அவர் மருந்தை விடச் சம்மதித்தாலும் சம்மதிப்பாரேயன்றிச் சோற்றை விடச் சம்மதிக்கமாட்டார். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை தாமிரபரணி வழிநெடுக நெல்லை விளைவித்துக்கொண்டே போகிறது. காரும் பிசானமுமாக இரண்டு போகம் கண்டு பழகிய ஜனங்களுக்காக அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இருந்து, 'அம்பை 16' போன்ற குண்டு நெல் ரகங்களைக் கொடுத்திருக்கிறது. இத்தனை தலைமுறைப் பாசத்தை ஒரு மருந்துச் சீட்டால் அறுத்துவிட முடியுமா என்பது நியாயமான கேள்வி. அறுக்க வேண்டியதில்லை என்பதுதான் அண்மைக் கால ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் படிக்கிறவனுக்குத் தோன்றும் பதில்.

வயல் போயிற்று, அளவு போகவில்லை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில், சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நாடெங்கும் 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைப் பரிசோதித்து 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர்.

இதன் காரணங்களில் ஒன்று நம் தினசரி வாழ்க்கையிலேயே கண்முன் கிடக்கிறது. சோற்றிலுள்ள மாவுச்சத்து குடலில் சர்க்கரையாகப் பிரிந்து ரத்தத்தில் கலக்கிறது. அதைப் பெருமளவில் வாங்கிச் செலவழிக்கும் இடம் நம் தசைகள். விடியுமுன் ஏர் பூட்டிப் பொழுது சாயும் மட்டும் சேற்றில் உழைத்த பாட்டனுக்கு மூன்று அகப்பைச் சோறு தகும்; வண்ணாரப்பேட்டையில் பைக்கை எடுத்துப் பாளையங்கோட்டையில் நாற்காலியில் இறங்கும் பேரனுக்கும் அதே மூன்று அகப்பை விழுந்தால், வரவு பழையபடி இருந்து செலவு மட்டும் நின்றுபோன கதையாகிவிடுகிறது.

அதே குழுவினர் 2025-இல் வெளியிட்ட உணவு ஆய்வு இதற்கு அளவும் சொல்கிறது. ஆகாரத்தால் நாம் பெறும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். அதில் வெறும் 5 பங்கை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் பருப்பு, பயறு, பால், மோர் இவற்றின் புரதத்தை வைத்தாலே நீரிழிவு வரும் வாய்ப்பு குறையும் என்று அவர்கள் கணித்திருக்கிறார்கள். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று பண்டத்தை மட்டும் மாற்றுவதில் அந்தப் பலன் தெரியவில்லை. இரவில் ஆறு சப்பாத்தி தின்றுவிட்டுப் பத்தியம் காத்ததாக நினைக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சீனியை நிறுத்திக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறியவர்களும் கவனிக்க வேண்டும். மணமும் குணமும் வேறாயினும், கருப்பட்டியின் பெரும்பகுதி சர்க்கரையே.

மாவுச்சத்தின் இடத்தில் புரதத்தை வைப்பதற்கு நெல்லைச் சமையலிலேயே வழி இருக்கிறது. தோலோடு கூடிய கறுப்பு உளுந்தை அரிசியோடும் தேங்காய், பூண்டோடும் சேர்த்துப் பொங்கி, எள்ளுத் துவையல் தொட்டுக்கொண்டு சாப்பிடும் உளுந்தஞ்சோற்றில், அரிசியை ஒரு பிடி குறைத்து உளுந்தை ஒரு பிடி கூட்டினால், ஆய்வாளர் சொன்ன காரியம் அடுப்பங்கரையிலேயே முடிந்துவிடுகிறது.

இலை சொல்லும் வரிசை

விருந்துக்கு இலை போட்டால் பொரியலும் கூட்டும் அவியலும் முன்னதாக வந்துவிடுகின்றன. நாமோ சோறு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோம். நியூயார்க்கிலுள்ள வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியார் 2015-இல் நீரிழிவுள்ள 11 பேருக்கு ஒரே ஆகாரத்தை இரண்டு வரிசைகளில் கொடுத்துப் பரீட்சித்தார்கள். ஒரு நாள் ரொட்டியும் பழச்சாறும் முதலில். மறுமுறை காய்கறியும் இறைச்சியும் முதலில், கால் மணி கழித்து ரொட்டி. பின்னதில், ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை நூற்றுக்கு 37 பங்கு குறைவாக இருந்தது. நார்ச்சத்தும் புரதமும் முந்திக்கொள்ளும்போது இரைப்பை மெதுவாகக் காலியாவதும், இன்சுலினைத் தூண்டும் சுரப்புகள் எழுவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பரீட்சை சிறிது, ஆயினும் இதைக் கைக்கொள்ளுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆகவே அவியலும் கூட்டும் வந்தவுடனே ஆரம்பித்துவிடலாம். சோறு பின்னால் வரட்டும்.

பத்து நிமிஷ நடை

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016-இல், நீரிழிவுள்ள 41 பேரை நாளில் ஏதாவது ஒரு பொழுதில் 30 நிமிஷம் ஒரே தடவையாக நடக்கவிட்டும், ஒவ்வொரு வேளை ஆகாரத்துக்குப் பின்னும் 10 நிமிஷம் நடக்கவிட்டும் ஒப்பிட்டார்கள். மொத்த நேரம் ஒன்றேயாயினும், சாப்பாட்டுக்குப் பின் நடந்தபோது சர்க்கரையின் ஏற்றம் நூற்றுக்கு 12 பங்கு குறைந்தது. ராத்திரி ஆகாரத்துக்குப் பின் மட்டும் எடுத்துக்கொண்டால் 22 பங்கு. இயங்கும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்வதே இதன் சூட்சுமம்.

பொதிகை முனிவராம் அகத்தியரின் மாணாக்கர் என்று மரபு கொண்டாடும் தேரையரின் பெயரால் வழங்கும் நோயணுகா விதிகளிலும், உண்டபின் சிறு தூரம் நடக்கச் சொல்லியிருக்கிறது. பழையது என்பதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. ஆனால் அந்தச் சொல்லையும் ஒட்டாகோவின் அளவுகோலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, சாப்பிட்டவுடன் பாயை விரிக்கும் பழக்கத்துக்கு ஆதரவு இரண்டிடத்திலும் கிடைக்கவில்லை.

இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த மாறுதல்களை வைத்தியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும், இல்லையேல் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேளாமல் பருப்பைக் கூட்டக்கூடாது. பாதம் மரத்துப்போனவர்கள் வீட்டுக்குள்ளும் செருப்பணிந்தே நடப்பது நலம்.

முதலில் சொன்ன மனிதரிடம் மறுபடி வருவோம். சோற்றை விடு என்றால் முகம் சுளிப்பவர், அவியலுக்குப் பின் சோறு, மூன்று அகப்பைக்குப் பதில் இரண்டு, கை கழுவியதும் தெருமுனை வரை போய்த் திரும்பு என்றால், அநேகமாகச் சம்மதித்துவிடுவார். அல்வாவை மட்டும் தினம் கேளாமல், வீட்டில் விசேஷம் வரும்வரை அவர் பொறுத்திருக்க வேண்டும்.