ஊவாவின் தேநீரும் ஒரு நாட் பயணமும்

ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலே உள்ள போர்த்துக்கல் நாட்டை நமது மாணவர்கள் சரித்திர பாடத்தில் அறிவார்கள். அந்நாட்டின் வடபகுதியில் தூரோ என்றொரு நதி ஓடுகிறது. அதன் இரு மருங்கிலும் உள்ள மலைச்சரிவுகளைப் படிபடியாக வெட்டி, திராட்சை பயிரிட்டிருக்கிறார்கள். எந்த மலையில் விளைந்த பழத்தின் மதுவுக்கு எந்தப் பெயர் உரியது என்று 1756ஆம் ஆண்டிலேயே அங்கு எல்லை வகுத்து விட்டார்கள். முற்காலத்தில் மதுப் பீப்பாய்கள் தட்டையான மரப் படகுகளில் ஏறி, ஆற்று வழியே போர்ட்டோ நகரை அடைந்தன. இன்று அதே ஆற்றில் உல்லாசப் பிரயாணிகள் படகேறிச் சென்று, கரையிலுள்ள மாளிகைகளில் ஒவ்வொரு மிடறாகச் சுவைத்து மகிழ்கிறார்கள்.

மதுவை நாவால் தீண்டி அறியாத நான், பதுளையில் ஓர் உயர்தர வகுப்பில் இக்கதையைச் சொன்னதற்குக் காரணம், நொதித்தலைப் பற்றிய பாடமேயாகும். பாடம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, “சேர், அவர்களுக்குத் திராட்சை மலை என்றால் நமக்குத் தேயிலை மலை இருக்கிறதே! நாமும் ஒரு நாள் போய்ச் சுவை பார்த்தால் என்ன?” என்று கேட்டாள்.

“படகுக்கு எங்கே போவது?” என்றேன்.

“கோச்சி இருக்கிறதே, சேர்!” என்றது வகுப்பு முழுவதும்.

இவ்வாறுதான் 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எங்கள் எல்லப் பயணம் ஏற்பாடாயிற்று. வகுப்பில் ஒருவன் மட்டும் பெயர் கொடுக்கவில்லை. அவன் எல்லவுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்தவன். படிப்பின் பொருட்டு நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தான். காரணம் கேட்டபோது, “அங்க பார்க்கிறதுக்கு என்ன சேர் இருக்கு?” என்று தலையைக் குனிந்து கொண்டான். பின்னர், நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி, அவனும் வந்து சேர்ந்தான்.

இருப்புப் பாதை என்னும் ஆறு

தூரோ நதி போர்ட்டோவுக்கு எப்படியோ, அப்படித்தான் ஊவாவுக்கு இந்த இருப்புப் பாதை. இலங்கையில் முதலாவது புகையிரதம் 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. கண்டியை 1867இல் தொட்ட பாதை, மலைகளைக் குடைந்து பண்டாரவளையை அடைய 1894 ஆயிற்று. அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1924இல்தான் பதுளை நிலையத்தில் வண்டி நின்றது. மலைநாட்டின் விளைபொருளைத் துறைமுகத்துக்கு இறக்குவதே இப்பாதையின் முதல் நோக்கம். ஆற்றில் நீர் இறங்குவதுபோல, மலையிலிருந்து தேயிலைப் பெட்டிகள் இறங்கின.

பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 650 மீற்றர் உயரத்தில் உள்ளது. எல்ல 1000 மீற்றருக்கும் மேல். ஒரு மணி நேரப் பிரயாணத்தில் இவ்வளவு உயரத்தை வண்டி மூச்சு வாங்கி ஏறுகிறது. ஹாலிஎல, உடுவரை கடந்து தெமோதரைக்கு வரும்போது ஓர் அதிசயம் காத்திருக்கிறது. வண்டி முதலில் தெமோதரை நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைந்து, மலையைச் சுற்றி வளைந்து, தான் சற்று முன் நுழைந்து வந்த சுரங்கத்தின் தலைக்கு மேலேயே நிலையத்தில் வந்து நிற்கிறது! பாம்பு தன் உடலைத் தானே கடந்து செல்வதைப் போன்றது அது.

செங்குத்தான இவ்விடத்தில் பாதையை எவ்வாறு ஏற்றுவது என்று பொறியியலாளர்கள் திகைத்து நின்றார்களாம். அப்போது அங்கிருந்த தோட்டத்துக் கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டுதான் இந்தச் சுருள் வழி தோன்றியது என்று மலைநாட்டில் ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மைக்கு ஆதாரம் காட்ட இயலாது. ஆயினும், அதைச் சொன்னபோது, சன்னலோரம் மௌனமாக இருந்த அந்த மாணவன் முதன் முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம். கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு, இரும்புத் தூண் எதுவுமின்றி, 1921இல் நிறைவு பெற்றது. நீளம் 91 மீற்றர். உயரம் 24 மீற்றர். பாலத்தின் இரு புறமும் வெளிநாட்டவர் புகைப்படக் கருவிகளுடன் நின்று எங்கள் வண்டியை நோக்கிக் கையசைத்தார்கள். பாலத்துக்குக் கீழே, பச்சைச் சரிவில், முதுகில் கூடையுடன் நாலைந்து பெண்கள் கொழுந்து கொய்து கொண்டிருந்தார்கள்.

கொழுந்து தூளாகும் விதம்

எல்லவுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றிருந்தோம். வாயிலில் கால் வைத்ததுமே நறுமணம் ஆளை வரவேற்றது.

மலையிலிருந்து வந்த பச்சைக் கொழுந்து, முதலில் நீண்ட தொட்டிகளில் பரப்பப்பட்டு, காற்றுச் செலுத்தி இரவு முழுவதும் வாட்டப்படுகிறது. ஈரம் குறைந்து துவண்ட கொழுந்தை உருளை இயந்திரங்கள் முறுக்கிக் கசக்குகின்றன. இலையின் சாறு காற்றுடன் கலந்ததும் பச்சை நிறம் மாறிச் செப்பு நிறம் பிறக்கிறது. இதனைத் தொழிற்சாலையில் ‘புளிக்க வைத்தல்’ என்கிறார்கள். உண்மையில் இது மதுவில் நிகழும் நொதித்தல் அன்று, ஒட்சியேற்றம் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். உரிய வேளையில் சூடான உலையில் செலுத்தினால் மாற்றம் நின்றுவிடும். சிறிது முந்தினாலும் பிந்தினாலும் சுவை கெடும். பிறகு சல்லடைகளில் தரம் பிரித்து மூட்டை கட்டுகிறார்கள். 1883ஆம் ஆண்டு முதல் கொழும்பில் நடைபெற்று வரும் ஏலத்துக்கு அவை செல்கின்றன.

ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. இந்தக் கணக்கை மாணவர்களிடம் கொடுத்தேன். ஒரு பெண் நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால் நான்கு கிலோ தூள். கோப்பைக்கு இரண்டு கிராம் வீதம் இரண்டாயிரம் கோப்பைத் தேநீர்! கணக்குப் போட்ட மாணவர்கள் வாய் பிளந்தார்கள்.

நாவின் பரீட்சை

இறுதியாகச் சுவைக் கூடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். வெண்மையான பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. நூறு மில்லிலீற்றர் நீருக்கு இரண்டு கிராம் தூள், கொதித்த நீரில் ஆறு நிமிடம் என்பதே சர்வதேச நியமம். சீனியும் பாலும் கூடாது. கரண்டியால் சிறிது எடுத்து, ‘உர்’ என்ற ஓசையுடன் காற்றோடு உறிஞ்சி, நாவெங்கும் பரவவிட்டுத் துப்பிவிட வேண்டும். வீட்டில் இப்படி உறிஞ்சினால் அம்மாவிடம் திட்டு வாங்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய சந்தோஷமாயிற்று.

முதல் மூன்று கிண்ணங்கள் ஆண்டின் ஏனைய மாதங்களில் ஆனவை. நான்காவது அந்தப் பருவத்துத் தேயிலை. கூடத்துப் பெரியவர் புன்னகையுடன், “இதில் என்ன மணம் தெரிகிறது?” என்று கேட்டார். ஒருத்தி “புதினா” என்றாள். இன்னொருவன் “ரோசாப்பூ” என்றான். அந்த மாணவன் மெல்லிய குரலில், “எங்க அப்பாயி முழங்காலுக்குத் தடவுற தைலம் மாதிரி இருக்கு” என்றான்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. “தம்பி, உன் மூக்கு நல்ல மூக்கு. அதுதான் சரியான விடை” என்றார்.

இரசாயன ஆசிரியனாகிய என் முறை வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, ஊவாவுக்கு வரும்போது வறண்ட காற்றாகிவிடுகிறது. இதுவே கச்சான் காற்று. யூலை முதல் செப்டெம்பர் வரை இக்காற்றும் வெயிலும் பகலில் செடியை வாட்ட, இரவுக் குளிர் மறுபுறம் வருத்துகிறது. அந்தத் துன்பத்தில் செடி சில வாசனைப் பொருள்களைக் கூடுதலாகப் படைத்துக்கொள்கிறது. அவற்றுள் முக்கியமானது மெதயில் சலிசிலேற்று. நோவுத் தைலங்களில் கலக்கப்படும் பொருளும் இதுவே. உலகச் சந்தையில் ஊவாவுக்கு எனத் தனிப் பெயர் ஈட்டிக் கொடுத்த மணம், தோட்டத்து மூதாட்டியின் தைலப் போத்தலிலும் இருக்கிறது! மாணவர்களின் சிரிப்பு அடங்கிவிட்டது.

தொழிற்சாலைக் கடையில் அப்பருவத் தேயிலையில் ஒரு சிறு பொதி வாங்கினேன். அதன் விலை, அன்றைய தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளமான 500 ரூபாவை விட அதிகம். வெளியே வந்ததும் அந்த மாணவன் என்னருகில் வந்து, “எங்க வீடு பக்கத்திலதான் சேர். எல்லாரும் வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றான்.

லயத்து வாசலில்

வரிசையாகப் பத்துக் காம்பராக்கள் கொண்ட லயம். அவனுடைய தாயார் மலைக்குப் போயிருந்தார். அப்பாயி எங்களை வாசலில் பாய் விரித்து அமர்த்தினார். எழுபதைக் கடந்தவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். நான் கொடுத்த பொதியில் தாமே தேநீர் போட்டு, எங்களுக்குக் கொடுத்து, தாமும் ஒரு வாய் பருகினார்.

“எப்படி இருக்கிறது, அம்மா?” என்றேன் ஆவலுடன்.

“மணமா இருக்கு, சேர். சாயந்தான் பத்தாது” என்றார். பிறகு, கோப்பையைப் பார்த்தவாறே, “இது கச்சான் அடிக்கிற மாசத்துக் கொழுந்து. அந்த மாசம் செடி தளுக்காது. எவ்வளவு ஓடியாடி எடுத்தாலும் நிறை வராது. நிறை வரலேன்னா அரைப்பேருதான். எங்களுக்கு அது பஞ்ச மாசம்” என்றார்.

அரைப்பேர் என்றால் அரை நாட் சம்பளம். சுவைக் கூடத்தில் நாங்கள் வியந்து போற்றிய பருவத்துக்கு லயத்திலே வேறொரு பெயர் இருந்தது! செடி படும் துன்பத்தை விளக்கிய நான், செடியைத் தொடும் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மாற்றத்தில் பதுளைக்கு வந்து, பதினைந்து ஆண்டுகளாக இத்தேயிலையைக் குடித்து வந்தவன் நான். ஒரு நாளாவது இதைக் கேட்டறிய நினைத்ததில்லை.

பேச்சை மாற்ற விரும்பிய ஒரு மாணவி, “பாட்டி, நாங்கள் படகிலே போக ஆசைப்பட்டோம். நீங்கள் கப்பலில், படகில் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டாள்.

“நான் எங்க போனேன்! எந் தங்கச்சிதான் கப்பல்ல போனா” என்றார் அவர். அதன்பின் சொன்னதெல்லாம் சில வாக்கியங்களே. பதுளை நிலையத்தில் தங்கையின் குடும்பத்தைக் கோச்சி ஏற்றிய நாள். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். சில காலம் கடிதங்கள். பிறகு அதுவும் இல்லை.

மாணவர்களுக்கு இந்தச் சரித்திரத்தைத் திரும்பும் வழியில் விளக்கினேன். கோப்பித் தோட்டக் காலத்திலேயே தமிழகத்திலிருந்து இம்மக்களின் முன்னோர் மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்தார்கள். 1869 முதல் பரவிய நோயால் கோப்பி அழிய, ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் தொடங்கிவைத்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1890இல் லிப்டன் வந்து ஊவாவின் பெயரை உலகறியச் செய்தார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மக்களைக் கணக்கிட்டவர்கள் அக்காள், தங்கை என்று கணக்கிடவில்லை. பிரிந்தோரை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலைநாட்டு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தீர்ந்தது. அம்மூதாட்டிக்கும் அதன் பிறகே வாக்குச் சீட்டு கிடைத்ததாம்.

மாலை வண்டியில் பதுளைக்கு இறங்கினோம். காலையில் பாடிக்கொண்டு வந்தவர்கள் அமைதியாக இருந்தார்கள். அந்த மாணவன் மட்டும் நண்பர்கள் நடுவே அமர்ந்து, கவ்வாத்து என்றால் என்ன, மட்டக்கம்பை எதற்காகச் செடியின் மேல் வைக்கிறார்கள் என்றெல்லாம் உற்சாகமாக விளக்கிக் கொண்டிருந்தான். காலையில் “அங்க பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டவன் அவன்தானா என்று எனக்கே ஐயமாயிற்று.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் எஸ்தர்கள் பற்றிய பாடம் வரும்போது, ஆய்வுகூடத்தில் சலிசிலிக் அமிலத்தையும் மெதனோலையும் சேர்த்துச் சூடாக்குகிறோம். கூடமெங்கும் அந்த மணம் எழுகிறது. “இது எங்கே இருக்கிறது?” என்று கேட்பேன். “தைலத்தில்” என்று எல்லோரும் சொல்வார்கள். “வேறு எங்கே?” என்று கேட்டுவிட்டு, கரும்பலகையில் ஊவா என்று எழுதுவேன். சூத்திரத்தை எழுதுவதற்கு முன் கச்சான் காற்றைப் பற்றியும், அரைப்பேரைப் பற்றியும் சொல்லிவிடுவேன். பரீட்சையில் இவ்விரண்டும் கேட்கப்படுவதில்லை. ஆயினும், அவற்றைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை நடத்த இப்போது எனக்கு மனம் வருவதில்லை.