தொண்ணூறாம் நாளில் மூடும் கணக்கு

ஒரே ஈற்றில் பிறந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகள் தாயின் மடியில் முட்டி மோதுகின்றன. ஓரத்தில் ஒரு நோஞ்சான், காம்பு கிடைக்காமல் மற்றவற்றின் முதுகில் ஏறிச் சறுக்கி விழுகிறது. நாலு நாள் வயிறு நிறையக் குடித்தால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். ஓரளவு தேறும். ஆனால் கூடப் பிறந்தவை அளவுக்குச் சதை பிடிப்பது கஷ்டம். அதன் தசைநார்களை எண்ணி முடித்தாகிவிட்டது, கருப்பைக்குள்ளேயே.

பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். 35ஆம் நாள் வாக்கில் கருவில் முதல் தசைநார்கள் தலைகாட்டும். 55ஆம் நாளையொட்டி இரண்டாம் அணி வரும். கொடிக்காலில் முதலில் அகத்தியை வளர்த்து, பிறகு அதைப் பற்றி வெற்றிலைக் கொடியைப் படரவிடுவார்களே, அதே ஏற்பாடுதான். ஒவ்வொரு முதல் நாரையும் ஒட்டி இரண்டாம் அணி நார்கள் வளர்கின்றன. தசையின் பெரும்பகுதி இவைதான். 90ஆம் நாள் வாக்கில் கணக்கு மூடப்படுகிறது. அதற்கப்புறம் எவ்வளவு தீனி போட்டாலும் இருக்கிற நார்தான் தடிக்கும். எண்ணிக்கை அநேகமாகக் கூடாது.

நோஞ்சானிடம் முதல் நார்கள் பெரும்பாலும் குறைவதில்லை. நெருக்கடியான கருப்பையில் ஊட்டம் போதாதபோது அடிபடுவது இரண்டாம் அணிதான்.

இதையெல்லாம் தொடங்கி வைப்பவை சில மரபணுக்கள். 1987இல் சியாட்டில் ஆய்வகம் ஒன்றில், தசையோடு சம்பந்தமே இல்லாத எலிச் செல்லுக்குள் 'மையோடி' என்ற ஒற்றை மரபணுவை இயக்கிப் பார்த்தார்கள். அது தசைச் செல்லாகவே மாறியது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத சோதனை இது. கருவில் மையோடியும் அதன் உறவுக்கார மரபணுக்களும் 'நீ தசை' என்று செல்லுக்குச் சொல்கின்றன. அடுத்து 'மையோஜெனின்' விழித்ததும், பெருகிக்கொண்டிருந்த செல்கள் நின்று, ஒன்றோடொன்று கலந்து ஒரே நாராகின்றன. ஒரு தசைநாருக்குள் அத்தனை உட்கருக்கள் இருப்பது அதனால்தான்.

எண்ணிக்கை கருவில் சரி, தடிமன்? அதற்கு வேறொரு மரபணு: ஐஜிஎஃப்2. 2003இல் சுவீடன், பெல்ஜியம் ஆய்வாளர்கள் சில பன்றிகளிடம் அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றம் கருவின் தசையில் சும்மா இருக்கும். பிறந்த பிறகு அந்த மரபணுவின் வேலையை மூன்று மடங்காக்கும். அதுவும் தகப்பன் வழி வந்தால் மட்டும். தாய் கொடுத்த பிரதி குட்டியின் தசையில் வாயே திறக்காது. அந்தக் குட்டி கடுவனாக வளர்ந்து தகப்பனானால், பேரக்குட்டியின் தொடையில் தெரியலாம்.