சுவர் லாரியில் வரும்... கரிசல் மண்ணை என்ன செய்வது?

சென்னையில் வாடகை, கோவில்பட்டியில் வீடு கட்ட வாங்கிய லோனுக்கு இ.எம்.ஐ. ரெண்டும் சேர்ந்து ஓடுற ஆளா நீங்க? கொத்தனார் 'அடுத்த வாரம்' என்று இழுக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பர்ஸிலிருந்துதான் போகிறது. சுவர், தளம் எல்லாத்தையும் வேற இடத்துல வார்த்து, லாரியில் கொண்டுவந்து கிரேனால் நிறுத்தும் 'ப்ரீகாஸ்ட்' மேல ஆசை வருவது இதனால்தான்.

இது ஒன்றும் கேள்விப்படாத சமாச்சாரம் இல்லை. ஊருக்கு வெளியே பிளாட் போட்ட இடங்களில், தூண் நட்டு ஸ்லாப் செருகிய ரெடிமேட் காம்பவுண்ட் சுவரைப் பார்த்திருப்பீங்களே, அதன் அண்ணன்தான் இது. வீட்டில் பெட்டி ஒட்டி ஆபீஸில் தீக்குச்சி அடைத்த ஊருக்கு, வேலையைப் பிரித்துச் செய்வதைச் சொல்லித்தரவா வேண்டும்?

சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் 1,152 வீடுகள் இப்படித்தான் எழும்பின. 2021 ஜனவரி 1-ல் அடிக்கல். 2022 மே மாதம் திறப்பு. கோவிட் காலத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு!

நம்ம பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: தண்ணீர். சாதாரண சிமென்ட் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். தாமிரபரணித் தண்ணி குழாயில் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஊரில், அதற்கு லாரித் தண்ணிதான் கதி. ப்ரீகாஸ்ட்டில் அந்த நனைப்பு வேலையில் பெரும்பகுதி தொழிற்கூடத்திலேயே முடிந்துவிடும். சைட்டில் ஆட்களும் குறைவாகப் போதும்.

ஆனா, அஸ்திவாரம் மட்டும் லாரியில் வராது. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். கீழே மண் அசைந்தால், மேலே பலகைகள் சேரும் இணைப்புகளில்தான் முதலில் விரிசல் விழும். இதற்கு ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வழி சொல்லிவிட்டது. அதுதான் 'அண்டர் ரீம்டு பைல்'. ஈரமும் காய்ச்சலும் மாறிமாறி வரும் மேல் மண்ணைத் தாண்டி, ஆழமான கரிசலில் சுமார் மூன்றரை மீட்டர் வரை இறங்கும் தூண். அடியில் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலத்தில் ஒரு குமிழ். மண் மேலே தூக்கினாலும் அந்தக் குமிழ் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் ஏன் எல்லோரும் இந்த முறைக்கு மாறவில்லை? பிரிவினை அகதிகளுக்கு வீடு கட்ட டெல்லியில் 1948-லேயே அரசு ஒரு ப்ரீஃபேப் தொழிற்சாலை தொடங்கியது. ஆனாலும் அச்சு, கிரேன், லாரிச் செலவெல்லாம் நூறு வீட்டுக்குப் பங்கு போட்டால்தான் கட்டுப்படி ஆகும். ஒத்தை வீட்டுக்கு, அதுவும் தொழிற்கூடம் தூரத்தில் இருந்தால், கையைக் கடிக்கும். பக்கத்து பிளாட்காரர்கள் நாலைந்து பேர் ஒரே பிளானில் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் பேரம் பேசலாம்.

சதுர அடி ரேட் கேட்பதற்கு முன்னால் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். அஸ்திவாரத்துக்கான விலையைத் தனியாக எழுதி வாங்குங்கள். கிரேன் வருவதை ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளிவிடாதீர்கள். நனைந்த கரிசலில் டிராக்டரே புதையும்!